செங்காவின் கட்டைவிரல்

ஸ்காட்லாந்தின் கூராக் ஊரில் செங்காவைத் தெரியாதவர்கள் இல்லை. வயது அறுபத்திரண்டு. உயரம் ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைவு, குரல் மட்டும் ஆறடி. ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் அக்னெஸ். தெருவில் ஏற்கெனவே நாலு அக்னெஸ்கள் இருந்ததால், வீட்டில் அதன் ஆங்கில எழுத்துகளைக் கடைசியிலிருந்து திருப்பிப் படித்துச் செங்கா என்று கூப்பிட்டார்கள், அதுவே நிலைத்துவிட்டது. கம்ப்யூட்டர் தொழிற்சாலையில் இருபது வருடம் மூடி திருகினாள். தொழிற்சாலையையே ஒருநாள் மூடிவிட்டார்கள். பிறகு மீன் வறுவல் கடையில் நின்றாள். கணவன் ஒருவன் இருந்தான். அவன் இப்போது லார்க்ஸ் ஊரில் வேறொருத்திக்குக் கணவனாக இருக்கிறான். செங்காவுக்கு அதில் பெரிய வருத்தம் ஒன்றும் கிடையாது. வாரத்தில் ஆறு நாள் அவள் கரையில் இருப்பவள், ஏழாம் நாள் தண்ணீருக்குள் இருப்பவள். அந்த ஏழாம் நாள்தான் அவனுக்குச் சரிப்படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை முதல் படகில் காரோடு அக்கரை போய், மலையேறி இறங்கினால் லோக் ஃபைன். மலைகளுக்கு நடுவே நாற்பது மைல் உள்ளே புகுந்து வந்த கடல் அது. சாலையோரம் காரை நிறுத்தி, முதுகில் காற்று சிலிண்டரும் இடுப்பில் ஈயக் கட்டிகளுமாகக் கல்லிலும் பாசியிலும் தடுமாறி இறங்கினால் முழங்காலுக்குத் தண்ணீர் வரும், பிறகு இடுப்புக்கு, பிறகு அவ்வளவுதான். மார்ச் மாதத்தில் தண்ணீர் ஆறு டிகிரி. உதடு மரத்துப் போய், வாயில் கவ்விய குழாய் அங்கே இருக்கிறதா என்பதே கொஞ்ச நேரத்தில் சந்தேகமாகிவிடும். சூடான கடலுக்கு விமானம் ஏறிப் போய் வண்ண மீன் பார்த்துவிட்டு வருகிறவர்களைப் பற்றிச் செங்காவுக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது.

"அது கடலா? குளிக்கிற தொட்டி. உள்ள இறங்கினா சோப்பு எங்கேன்னுதான் தேடத் தோணும்" என்பாள்.

அவளோடு இருபத்தாறு வருடமாக இறங்குகிறவன் லாக்கி பேர்ட். படகுத்துறையில் கயிறு வீசியே தலை நரைத்த ஆள், மனைவியை இழந்தவன், அதிகம் பேசமாட்டான். அவன் பேசவேண்டியதையும் சேர்த்து இவள் பேசிவிடுவாள். இருவரையும் பற்றி ஊரில் ஒரு காலத்தில் கசமுசா என்று பேச்சு இருந்தது. பேசியவர்களுக்குத் தண்ணீர் புகாத டிரை சூட் போட்டுப் பழக்கமில்லை, பாவம். உள்ளே கம்பளி, வெளியே ரப்பர், இரண்டு பேரும் நடக்கும் தலையணை மாதிரி இருக்கும்போது காதல் எங்கிருந்து வரும்? ஆனால் அந்தச் சூட்டின் ஜிப் தோளுக்குத் தோள் முதுகில் இருக்கிறது. தன் கையால் தானே அதை மூட முடியாது. ஞாயிறுதோறும் அவன் அவளுக்கு மூடுவான், அவள் அவனுக்கு மூடுவாள். ஒரு பல் விட்டுப் போனாலும் ஆறு டிகிரித் தண்ணீர் உள்ளே வந்துவிடும். இருபத்தாறு வருடத்தில் இருவருக்கும் ஒரு சொட்டுகூட வந்ததில்லை.

அவர்கள் இறங்கும் இடத்துக்குச் சமையல்கட்டு என்று பெயர். யாரோ ஒரு புண்ணியவான் பழைய அடுப்பையும் பாத்திரம் கழுவும் தொட்டியையும் மேலே சாலையிலிருந்து உருட்டிவிட்டிருக்கிறான். பன்னிரண்டு மீட்டர் ஆழத்தில் அவை போய் உட்கார்ந்துகொண்டன. அடுப்புக்குள் இப்போது ஒரு பெரிய நண்டு குடியிருக்கிறது.

மேலே மலைத் தண்ணீர் தேயிலைச் சாறு நிறத்தில் இருக்கும். அதற்குக் கீழே கடல். இரண்டும் சேருமிடத்தில், வெந்நீரில் நெய் விட்டது போல எல்லாம் நெளியும். சொந்தக் கையே யாருடைய கையோ போலத் தெரியும். அதைத் தாண்டிவிட்டால் பச்சை இருட்டு. டார்ச்சின் வட்டத்துக்குள் மட்டும்தான் உலகம் இருக்கும். சரிவில் ஆயிரக்கணக்கில் நட்சத்திர மீன்கள் ஒல்லிக் கைகளைத் தூக்கிக்கொண்டு, எதையோ வேண்டிக்கொண்டு நிற்கும். எங்கும் எடை கிடையாது. முழங்கால் வலி கிடையாது. மூச்சு உள்ளே போகும் சத்தம், குமிழிகள் வெளியே போகும் சத்தம், அவ்வளவுதான். செங்கா பேசாமல் இருக்கும் ஒரே இடம் உலகத்தில் அதுதான். அங்கே இறங்கியதும் அவளுக்குள் ஏதோ ஒன்று மெதுவாகக் கால் நீட்டிப் படுத்துக்கொள்ளும்.

பேச்சு கிடையாது என்பதால் எல்லாம் கைதான். கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் வட்டமாகச் சேர்த்தால் நலம் என்று அர்த்தம். ஊரெல்லாம் 'பிரமாதம்' என்று தூக்கும் கட்டைவிரலுக்குத் தண்ணீருக்கடியில் வேறு அர்த்தம்: போதும், மேலே போகலாம். ஒருவர் விரலைத் தூக்கிவிட்டால் மற்றவரும் உடனே தூக்க வேண்டும், இருவரும் ஏற வேண்டும். ஏன், எதற்கு என்று கேட்கக் கூடாது. அங்கே மட்டுமல்ல, கரைக்கு வந்த பிறகும் கேட்கக் கூடாது. கேட்டால் அடுத்த முறை பயந்தவன் விரல் தூக்கக் கூச்சப்படுவான், கூச்சப்பட்டால் செத்துப்போவான். இப்படி ஆழத்தில் இறங்கும் முங்கிகள் எல்லாருக்கும் இது வேதம். அதனாலேயே அவர்கள் கரையில்கூடக் கட்டைவிரல் தூக்கமாட்டார்கள். கல்யாண வீட்டுப் புகைப்படத்தில் பாருங்கள், எல்லாரும் விரல் தூக்கியிருக்க, ஒரு ஆள் மட்டும் விரலை வட்டம் பிடித்துக்கொண்டிருப்பான். அவன் முங்கி.

இப்படி இருபத்தாறு வருடம் ஒழுங்காக இருந்த செங்காவைக் கெடுத்தது பள்ளிக்கூட வேலை. ஜனவரியிலிருந்து அவள் காலையும் மாலையும் மஞ்சள் கோட்டு போட்டு, 'நில்' என்று எழுதிய வட்டப் பலகையோடு சாலையின் நடுவில் நின்று பிள்ளைகளைக் கடக்கவிடுகிறாள். கார் நின்றால் ஓட்டுநருக்கு நன்றி சொல்ல வேண்டும். முதல் வாரம் வட்டம் பிடித்துக் காட்டினாள். ஒரு லாரிக்காரன் அதைத் தப்பாக எடுத்துக்கொண்டு கண்ணாடியை இறக்கி ஏதோ சொன்னான். மறுநாளிலிருந்து கட்டைவிரலைத் தூக்க ஆரம்பித்தாள். ஒரு நாளைக்கு இருநூறு தடவை. விரலுக்குத் தனிப் புத்தி வந்துவிட்டது.

லாக்கிக்கு ஒரு குறை இருந்தது. தூண்டில் மீன். சேற்றில் சேறாகக் கிடந்து, நெற்றியில் முளைத்த தூண்டிலை ஆட்டி ஆட்டி மற்ற மீன்களை வாய்க்குள் அழைத்துக்கொள்ளும் அந்த மீனைப் பதினோரு வருடமாகத் தேடுகிறான். முங்கிகள் கிளப்பில் எல்லாரும் பார்த்துவிட்டார்கள். மூன்றாவது முறை இறங்கிய ஒரு கல்லூரிப் பெண்கூடப் பார்த்துவிட்டு, "அந்த அசிங்கமான மீன் எது?" என்று அவனிடமே கேட்டாள். அவன் முகம் போன போக்கைச் செங்கா இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள்.

ஆனால் இந்த மார்ச்சில் அந்தச் சிரிப்பு அவளுக்கு வரவில்லை. லாக்கி வீட்டை விற்றுவிட்டான். மகள் கனடாவில் சஸ்கட்டூனில் இருக்கிறாள். பேரப்பிள்ளை பிறந்திருக்கிறது, வந்துவிடு அப்பா என்றாள். அங்கிருந்து கடலுக்குப் போக இரண்டு நாள் காரோட்ட வேண்டும். மாதக் கடைசியில் விமானம். மிச்சமிருந்தது இரண்டு ஞாயிறுகள்தான்.

முதல் ஞாயிறு, அவன் ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டே செங்கா கேட்டாள்: "ஏன்யா, இன்னைக்காவது உன் ஆளு தரிசனம் குடுப்பானா?"

"நீ வாயை மூடிக்கிட்டு வந்தா குடுப்பான். உன் சத்தத்துக்குத்தான் பதினோரு வருசமா ஓடுறான்."

"தண்ணிக்குள்ள எனக்கு ஏதுய்யா சத்தம்?"

"நீ நினைக்கிறதே வெளிய கேக்குது."

இறங்கினார்கள். தேயிலை நிறம், நெய் நெளிவு, பச்சை இருட்டு. அடுப்புக்கார நண்டுக்கு ஒரு வணக்கம். அதன் பிறகு சரிவிலேயே மெதுவாக மிதந்து கீழே போனார்கள். இருபத்திரண்டு மீட்டரில் ஒரு பெரிய பாறை. செங்கா அதை இடப்பக்கமாகச் சுற்றினாள், லாக்கி பின்னால் வந்துகொண்டிருந்தான். சேற்றின் மேல் ஒரு சிறு துணுக்கு ஆடியது. அவள் டார்ச்சைத் தாழ்த்தினாள். துணுக்குக்குக் கீழே இரண்டு கண்கள், கண்களுக்குக் கீழே கோணலான ஒரு வாய். அதுவேதான். அவ்வளவு நேரமும் அது அவளைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. செங்காவுக்குச் சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது. லாக்கியின் வெளிச்சம் பாறை விளிம்பில் தெரிந்தது. அவள் அவன் பக்கம் திரும்பி, ஒன்றுக்கு இரண்டாகக் கட்டைவிரல்களைத் தூக்கிக் காட்டினாள்.

லாக்கியின் விரலும் உடனே மேலே போனது. பாறையைத் தாண்டாமலே நின்று, அவளுடைய தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுக்க ஆரம்பித்தான். ஐயோ என்று செங்காவுக்கு உறைத்தது. தலையை ஆட்டினாள். கீழே பார், கீழே பார் என்று டார்ச்சை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் வீசிக் காட்டினாள். டார்ச்சை அப்படி வீசினால் ஆபத்து, காப்பாற்று என்று அர்த்தம். பதற்றத்தில் அதுவும் மறந்துவிட்டது. அவன் பிடி இன்னும் இறுகியது. அவள் காலை உதைத்ததில் சேறு புகையாகக் கிளம்பிப் பாறை, மீன், எல்லாவற்றையும் மூடிவிட்டது.

ஆழத்தின் அழுத்தத்திலிருந்து உடம்பு மீள, ஆறு மீட்டரில் மூன்று நிமிடம் நின்றுதான் மேலே ஏற வேண்டும். அந்த மூன்று நிமிடமும் லாக்கி அவளை விடவில்லை. முகத்தோடு முகம் வைத்து, அவள் கண்ணையே பார்த்து, வட்டம் பிடித்துக் கேட்டான்: நலமா? அவள் வட்டம் பிடித்தாள். மறுபடி கேட்டான். மறுபடி பிடித்தாள். வெள்ளி நிற மேல்பரப்பு தலைக்கு மேலே ஆடிக்கொண்டிருந்தது. அவ்வளவு அழகான இடத்தில் அவ்வளவு மோசமான மூன்று நிமிடங்களை அவள் கழித்ததேயில்லை.

கரையில் அவன் அவளைக் கல்லில் உட்காரவைத்து, தன் கம்பளித் தொப்பியை அவள் தலையில் மாட்டி, பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக் கையில் திணித்தான்.

"லாக்கி, நான் வந்து..."

"ஒண்ணும் சொல்லவேணாம். குடி."

"இல்லய்யா, கேளு..."

"கேக்கக் கூடாது. உனக்குத் தெரியாதா? குடி முதல்ல."

அவள் குடித்தாள். சொல்லியிருக்கலாம்தான். ஆனால் சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தாள். பதினோரு வருடம் தேடியது இரண்டு கை தூரத்தில் இருந்தது, என் முட்டாள் விரலால் நீ திரும்பிப் போனாய் என்று எந்த வாயால் சொல்வது? தெரியாமலே இருந்துவிட்டால் அவனுக்கு வலியில்லையே என்று தன்னைச் சமாதானம் செய்துகொண்டாள். கேட்கக் கூடாது என்ற அந்த வேதம், பயந்தவர்களுக்காக வைத்தது. செங்கா அன்றைக்கு அதன் பின்னால் திருடியைப் போல ஒளிந்துகொண்டாள். அடுத்த ஞாயிறு அவனை அதே பாறைக்கு அழைத்துப் போய்விடலாம், அந்த மீன் ஒரே இடத்தில் நாள் கணக்கில் கிடக்கும் என்றும் ஒரு கணக்குப் போட்டாள்.

அந்தக் கணக்கு வியாழக்கிழமை உடைந்தது. லாக்கி போனில் கூப்பிட்டான்.

"ஞாயித்துக்கிழமை இறங்கவேணாம், செங்கா. சும்மா போயி டீ குடிச்சிட்டு வருவோம். ரொட்டியும் சாசேஜும் நான் கொண்டு வர்றேன்."

"கடைசி ஞாயிறுய்யா உனக்கு!"

"அதனால என்ன? தண்ணி எங்க போகப்போகுது."

"நீதான்யா போகப்போற. நான் வேணாம்னா கிளப்புல வேற யாரையாவது கூட்டிக்கிட்டு இறங்கு."

"எவனையோ கூட்டிக்கிட்டு எதுக்கு இறங்கணும்? வெச்சிடுறேன், குழந்தை படத்தை மக அனுப்பியிருக்கா, பாக்கணும்."

போனை வைத்துவிட்டு அவள் சமையலறையிலேயே நின்றாள். தான் உண்மையை மறைத்ததற்கு அவன் தன் கடைசி முங்கலையே கொடுத்துக்கொண்டிருக்கிறான் என்று புரிந்தது. மறுநாள் சாலையில் கார்கள் நின்றபோது அவளுக்குக் கை எழும்பவில்லை. பிள்ளைகள் போகும்போது விரலைத் தூக்கிக் காட்டினார்கள். அவள் பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஞாயிறன்று தூறல். எதிர் மலை பாதிக்கு மேல் காணோம். லாக்கியின் காரில் உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் அவனுடைய சூட்டும் சிலிண்டரும் இருந்தன. மாலையில் கிளப்பில் ஒப்படைப்பதற்காக எடுத்து வந்திருந்தான். செங்காவும் பழக்க தோஷத்தில் தன்னுடையதைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். ரொட்டி ஆறிக்கொண்டிருந்தது. கண்ணாடி முழுக்க மூச்சு படிந்து வெளியே ஒன்றும் தெரியவில்லை.

"லாக்கி, போன வாரம் எனக்கு ஒண்ணும் ஆகல."

"நான் கேக்கவே இல்லையே."

"நீ கேக்கமாட்டே. அதான் சொல்றேன். மீனைப் பாத்தேன்யா. உன் மீனை. பாறைக்கு அந்தப் பக்கம் படுத்திருந்தான். சந்தோசத்துல பிரமாதம்னு விரலைத் தூக்கிட்டேன். பள்ளிக்கூட ரோட்டுல தூக்குற மாதிரி. எனக்குப் பயமும் இல்ல, நோவும் இல்ல. புத்திதான் இல்ல."

லாக்கி சட்டைக் கையால் கண்ணாடியைத் துடைத்தான். துடைத்த இடத்தில் கொஞ்சம் கடல் தெரிந்தது, மறுபடி மறைந்தது. திட்டுவான் என்று அவள் காத்திருந்தாள். திட்டினால் தேவலை என்றிருந்தது.

"நானும்தான் பாத்தேன்" என்றான் அவன்.

"எதை?"

"அவனைத்தான். பாறைப் பக்கம் வந்தேன்ல. உன் விரல் மேல போகுது, அதே நேரத்துல கண்ணுல பட்டுட்டான்."

"பொய் சொல்லாதய்யா."

"நான் எதுக்குப் பொய் சொல்லணும்? நாலடி இருப்பான். தலை மட்டும் இந்த ஸ்டீயரிங் தண்டி. கன்னங்கரேல்னு கிடந்தான்."

"பாத்தியா? பின்ன ஏன்யா நின்னு பாக்கல?"

"நீ மூச்சு முட்டிச் சாகப்போறேன்னு நினைச்சேன், பைத்தியக்காரி. அந்த நேரத்துல எவனாவது மீனைப் பாத்துக்கிட்டு நிப்பானா?"

"வாரம் முழுக்க வாயைத் திறக்கலயே!"

"உனக்கு முடியாமப் போச்சு, எனக்கு மீன் கிடைச்சுச்சுன்னு குதிக்கச் சொல்றியா?"

செங்கா அவனைப் பார்த்தாள். அவன் முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தான். காதுகள் இரண்டும் சிவந்திருந்தன. அந்த மீன் இரண்டடிகூடக் கிடையாது. கறுப்பும் கிடையாது, சேற்று நிறம், முதுகில் வெளிறின புள்ளிகள். பாறையின் மறுபக்கத்தில் நின்றவனுக்கு அது தெரிய வழியே இல்லை. மனுஷன் அறுபத்தெட்டு வயதில் முதல் தடவையாகப் பொய் சொல்கிறான், அதையும் ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லை. அவளுக்கு அழுகை வந்தது. எந்தப் பக்கம் பார்த்துப் படுத்திருந்தான் என்று ஒரு கேள்வி கேட்டால் போதும், மாட்டிக்கொள்வான். கேள்வி நாக்கு நுனி வரை வந்துவிட்டது. செங்கா வாயை மூடிக்கொண்டாள். கரையில் அவள் வாயை மூடியது அபூர்வம்.

"ஆமாய்யா" என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "பெரிய ஆளுதான்."

"அப்புறம் என்ன? உனக்கு நோவு இல்லன்னா இங்க எதுக்கு ரொட்டி தின்னுக்கிட்டு உக்காந்திருக்கோம்? எழுந்து சூட்டை மாட்டிக்கிட்டுத் திரும்பு, ஜிப்பைப் போடுறேன்."

தூறலில் நின்று ஒருவருக்கொருவர் முதுகை மூடிக்கொண்டார்கள். அவன் விரல்கள் ஜிப்பின் கடைசிப் பல் வரை தடவிப் பார்த்தன. அவளும் அப்படியே பார்த்தாள், வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம். பிறகு கல், பாசி, முழங்கால், இடுப்பு. தண்ணீர் தலைக்கு மேலே மூடிக்கொண்டது. மழைச் சத்தம் நின்றது.

லாக்கி அவசரப்படவில்லை. அடுப்பு, தொட்டி, கையேந்தி நிற்கும் நட்சத்திர மீன்கள் என்று ஒவ்வொன்றிடமும் கொஞ்சம் நின்றான். பக்கத்தில் மிதந்துகொண்டிருந்த செங்காவுக்கு, இருபத்தாறு வருட ஞாயிறுகளும் சேர்ந்து ஒரே நாளாகி, தாங்கள் மேலேறி வந்ததே இல்லை என்பது போல இருந்தது. குளிர் விரல் நுனியிலிருந்து ஏறியது. அதுகூட இதமாகத்தான் இருந்தது.

பாறையைச் சுற்றினார்கள். இந்த முறை பக்கத்தில் பக்கமாக.

மீன் இல்லை. அது கிடந்த இடத்தில் சேறு லேசாகப் பள்ளமாக இருந்தது. ஒரு சின்ன இறால் அந்தப் பள்ளத்தில் நடந்துகொண்டிருந்தது. லாக்கி வெளிச்சத்தைத் தாழ்த்தி அதைப் பார்த்தபடி மிதந்தான். ஒரு மூச்சு, இரண்டு மூச்சு, பத்து மூச்சு. அவன் குமிழிகள் சீராக மேலே போய்க்கொண்டிருந்தன. அவன் முகத்தைப் பார்க்கச் செங்காவுக்குத் தைரியம் வரவில்லை.

பிறகு அவன் அவள் பக்கம் திரும்பினான். டார்ச்சைக் கையிலிருந்து தொங்கவிட்டு, இரண்டு கைகளையும் மெதுவாக விரித்துக் காட்டினான். இவ்வளவு நீளம்.

செங்கா அந்தக் கைகளைப் பார்த்தாள், அவன் கண்களைப் பார்த்தாள். பிறகு தன் கைகளையும் விரித்தாள், அவன் காட்டியதைவிட ஒரு சாண் கூடுதலாக.